5யூ4ஜி இருந்த இடத்தில் நான்கு டயோடுகள்

மாமாவின் மைக் செட் ஆம்பிளிஃபயரை நான் கெடுத்தது இரண்டே இரண்டு டயோடுகளால். 1என்4007, ஒரு தேநீர்க் காசுக்குக் கைநிறையக் கிடைக்கும் பொருள். அவற்றைப் பற்றவைத்த நாளில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அரை அடிக்குக் கொஞ்சம் குறைவாக நின்று, கனன்று, டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துச் சுடவைத்துக்கொண்டிருந்த 5யூ4ஜி என்ற கண்ணாடிக் குடுவை வால்வின் வேலையை, அரிசிமணியைவிடச் சற்றே பெரிய இரண்டு கறுப்பு உருளைகள் செய்கின்றனவே என்று. பன்னிரண்டாவது நாள் இரவு, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டன்சர் வெடித்தது.

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மாமா முப்பது வருடத்துக்கு மேல் ஒலிபெருக்கி நிலையம் நடத்தியவர். கல்யாணம், சடங்கு, தேர்தல் எதையும் விட்டதில்லை. அம்மன் கோயில் கொடைவிழா என்றால் இரவும் பகலும் ஆம்பிளிஃபயர் அணையாது. வில்லுப்பாட்டுக்கு இரண்டு மைக், பந்தல் வாசலில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி, ஊர் எல்லைப் புளியமரத்தில் ஒன்று. அந்தக் காலத்துச் சாமான்களில் இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வால்வு ஆம்பிளிஃபயர்தான். இரும்புத் தகட்டுப் பெட்டி, முன்னால் நான்கு குமிழ்கள், உள்ளே வெளியீட்டுக்கு இரண்டு 6எல்6ஜி, முன்கட்டத்தில் மூன்று சிறிய வால்வுகள், மூலையில் ஏசியை டிசியாக்கும் 5யூ4ஜி ரெக்டிஃபயர். 300-0-300, அதாவது நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 300 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர். சுமார் 25 வாட் வெளியீடு. இன்றைக்கு ஆட்டோவில் வைத்திருக்கும் செட்டே அதைவிடப் பெரிய எண்ணைப் போட்டுக்கொள்கிறது; ஆனால் அந்த 25 வாட்டைக் குழாயில் ஏற்றினால் அடுத்த ஊரில் கேட்கும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, பரணில் கிடந்த அதை இறக்கி ஓடவைத்துத் தரும்படி மாமா கேட்டார். முதலில் ஓடியது. அரை மணி நேரம் கழித்துச் சத்தம் மெல்ல இறங்கியது, பிறகு கரகரத்தது. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த சர்க்யூட் தாளில் ஹெச்.டி. 350 வோல்ட் என்று போட்டிருந்தது. ஹெச்.டி. என்று மெக்கானிக்குகள் சொல்வது வெளியீட்டு வால்வுகளுக்குப் போகும் உயர் மின்னழுத்தத்தை. எனக்குக் கிடைத்தது 290. ரெக்டிஃபயர் வால்வின் இழை தேய்ந்துவிட்டது. அதிலிருந்து போதிய எலெக்ட்ரான் கிளம்பவில்லை.

புதிய 5யூ4ஜி ஒன்றைத் தபாலில் வரவழைத்துச் செருகினேன். 348 வோல்ட். வெளியீட்டு வால்வுகளில் எலெக்ட்ரான் கிளம்பும் முனையான கேதோடில் 22.5 வோல்ட். இரண்டு எண்களையும் தாளிலேயே பென்சிலால் எழுதிவைத்தேன். இந்த விவகாரத்தில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான், அப்போது அது எனக்குத் தெரியவில்லை. ஐந்து வாரத்தில் அந்தப் புது வால்வுக்குள் நீலமாக ஒரு மின்னல் அடித்து ஃபியூஸ் போனது. சாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், 4ஆம் முனைக்கும் 6ஆம் முனைக்கும் இடையில் பேக்லைட் கருகிக் கோடாக ஓடியிருந்தது. எலெக்ட்ரானைப் பிடிக்கும் இரண்டு பிளேட்டுகளும் உட்காரும் இடம் அது. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அந்தச் சாக்கெட்டில் இனி எதைச் செருகினாலும் அதே கதிதான்.

எரிச்சலில்தான் டயோடு யோசனை வந்தது. ரெக்டிஃபயர் வால்வு செய்வது என்ன? மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிறது. ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1904இல் முதல் வால்வைச் செய்தபோது அந்தப் பெயரை வைத்ததே அதற்காகத்தான். பம்புசெட் குழாயில் தண்ணீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் வால்வு போல. அதே வேலையை டயோடும் செய்கிறது. ஆக, சாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பிளேட் கம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோடு வைத்தேன். ஹெச்.டி. 398 காட்டியது. சத்தம் கணீரென்று இருந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"முன்னைவிட மேலாக இருக்கிறது மருமகனே" என்றார். அடுத்து, "டிரான்ஸ்ஃபார்மர் சுடவில்லையே" என்று அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். அது உண்மைதான். 5யூ4ஜியின் இழைக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். 15 வாட் வெறும் சூட்டுக்கே. அந்தச் சுமை இறங்கியதும் டிரான்ஸ்ஃபார்மர் மூச்சுவிட்டது.

வெடித்தது இரவு பதினொன்றரை மணிக்கு. சுவிட்சைப் போட்டு இருபது நொடிகூட ஆகவில்லை. பட்டாசுச் சத்தம், பிறகு வெள்ளைப் புகை, மீன் கெட்டது போன்ற நாற்றம். 32+32 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் என்று எழுதிய அலுமினியக் குப்பி அடிப்பக்கம் பிளந்து, உள்ளிருந்த காகிதச் சுருள், எல்லாம் பொருத்தியிருக்கும் அடித்தகடான சேசிஸெங்கும் சிதறிக் கிடந்தது. முகத்தைக் கிட்டே வைத்திருந்தால் கண் போயிருக்கும். கை நடுக்கம் நின்ற பிறகு பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்தேன். 252 வோல்ட்.

மறுநாள் கோவில்பட்டிக்குப் போனேன். அங்கே ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார். கடை இப்போது மிக்சி, கிரைண்டர் பழுதுபார்ப்பில்தான் ஓடுகிறது. பின்னறையில் மட்டும் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த பழைய வால்வுகள் பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருக்கும். கதையை முழுக்கக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கேள்விதான் கேட்டார்.

"வால்வில் எவ்வளவு வந்தது தம்பி?"

"348."

"டயோடில்?"

"398."

"அந்த ஐம்பது வோல்ட்டை எங்கே கொண்டுபோய் வைத்தாய்?"

பதில் இல்லை. நான் அதை எங்கும் வைக்கவில்லை. ஆம்பிளிஃபயரின் தலையில் போட்டிருந்தேன்.

இந்த ஒரு கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக வரும். ரெக்டிஃபயர் வால்வு ஒரு திசைக் கதவு மட்டுமன்று. கூடவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டரும். 5யூ4ஜியில் 225 மில்லி ஆம்பியர் ஓடும்போது அதற்குள்ளேயே சுமார் 44 வோல்ட் விழுகிறது. சிறிய 5ஒய்3ஜிடியில் 125 மில்லி ஆம்பியருக்கே 50 வோல்ட் போய்விடும். ஜிஇசட்34 இந்தக் கூட்டத்தில் கெட்டிக்காரன். 225 மில்லி ஆம்பியருக்கு 17 வோல்ட்தான் தின்னும். சிலிக்கன் டயோடு? ஒரு வோல்ட். ஆம்பிளிஃபயரை வடிவமைத்தவர் அந்த 50 வோல்ட் நஷ்டத்தைக் கணக்கில் எழுதி, நஷ்டம் போக மிஞ்சுவதற்கு ஏற்பத்தான் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றச் சொல்லியிருக்கிறார். நான் நஷ்டத்தை நீக்கிவிட்டு லாபம் என்று குதித்தேன். ஒரு வால்வுக்குப் பதில் இன்னொரு வால்வு போடுவோருக்கும் இதே பொறி உண்டு. 5ஒய்3 இருந்த சாக்கெட்டில் ஜிஇசட்34 அப்படியே பொருந்தும். பொருந்துகிறதே என்று போட்டால் மின்னழுத்தம் ஏறிவிடும்.

ஏறினால் என்ன என்று கேட்கலாம். 6எல்6ஜியின் அட்டவணையில் பிளேட்டுக்கு உச்சவரம்பு 360 வோல்ட், 19 வாட். பின்னாளில் வந்த 6எல்6ஜிசி 30 வாட் தாங்கும். மாமாவின் வால்வுகள் அதற்கு முந்தைய, தோள் வளைந்த புட்டி ரகம். இரண்டு வால்வுகளுக்கும் பொதுவாகக் கேதோடில் 250 ஓம் இருக்கிறது. 22.5 வோல்ட் என்றால் இரண்டுக்குமாக 90 மில்லி ஆம்பியர், நிம்மதியான ஓட்டம். டயோடு போட்ட பிறகு கேதோடில் 28 வோல்ட் இருந்ததை நான் பார்த்திருந்தேன், யோசிக்கவில்லை. 112 மில்லி ஆம்பியர். வால்வின் இன்னொரு முனையான ஸ்கிரீனுக்குப் போவதைக் கழித்தால் வால்வுக்கு 52 போல. கேதோடின் 28ஐயும் வழியில் விழுவதையும் 398இலிருந்து கழித்தால் 362 வோல்ட்; அதால் பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட், அதாவது விளிம்பு. பிளக்கில் 230 இருக்கும்போதே இந்த நிலை. இரவு 250 ஆனால் பிளேட் சிவக்கத் தொடங்கும். நான் ரசித்த அந்தக் கணீர் ஓசை வால்வின் ஆயுளிலிருந்து வந்த கடன்.

கண்டன்சர் வெடித்தது வேறு கணக்கு. சுவிட்ச் போட்டதும் வெளியீட்டு வால்வுகள் சூடேறப் பத்துப் பதினைந்து நொடியாகும். அதுவரை கரண்ட் எடுக்க ஆளில்லை. ஆளில்லாத நேரத்தில் கண்டன்சர் உச்ச மதிப்புக்கு ஏறி நிற்கும். 300 வோல்ட்டை 1.414ஆல் பெருக்கினால் 424. பிளக்கில் 252 இருந்தால் 465. சுமையில்லாத டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் ஐந்து சதவீதம் கூட்டித் தரும். 490-ஐத் தொட்டுவிடுகிறது. குப்பியில் எழுதியிருந்தது 450.

இந்த இடத்தில் பலரும் சொல்கிற ஒரு விளக்கத்தை அண்ணாச்சி ஏற்கவில்லை. "வால்வு மெதுவாகச் சூடாகும், அதனால் ஹெச்.டி.யும் மெதுவாக ஏறும், கண்டன்சர் பிழைக்கும்" என்பார்கள். ஜிஇசட்34க்கு அது சரி. அதன் கேதோடு தனி, சூடேற்றும் இழை தனி. வெளியீட்டு வால்வுகளோடு சேர்ந்தாற்போல் விழிக்கும். 5யூ4ஜியில் இழையே கேதோடு. மூன்று நான்கு நொடியில் தயார். ஆகவே மாமாவின் ஆம்பிளிஃபயர் ஆதியிலிருந்தே சில நொடிகள் உச்ச மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறது. அப்போது வெடிக்காதது இப்போது ஏன் வெடித்தது? மாமா காலத்தில் மாலையானால் எங்கள் ஊரில் 190 வோல்ட்கூட வராது. வரும் மின்சாரத்துக்கு ஏற்ப மாற்றிவைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் முனையை அவர் 210இல் வைத்திருந்தார். 230க்கு மாற்றியவன் நான்தான். ஊர் மின்சாரம் இப்போது இரவில் 250-ஐத் தாண்டுகிறது. மேலும், பரணில் வருடக்கணக்காகக் கிடந்த கண்டன்சர் உள்ளுக்குள் கசியும். கசிவுக்கு வேண்டிய கரண்டை வால்வு தயங்கித் தயங்கித்தான் தந்தது. டயோடுக்குத் தயக்கம் தெரியாது. கேட்டதை எல்லாம் கொட்டியது, கண்டன்சர் கொதித்தது. பழைய கண்டன்சரை வைத்துக்கொண்டு டயோடு மாற்றத்தில் இறங்கவே கூடாது. நான் செய்த தவறுகளில் மன்னிப்பில்லாதது அதுதான்.

டயோடுகளே பிழைத்தது அதிர்ஷ்டம். நடுமுனை உள்ள டிரான்ஸ்ஃபார்மரில், ஒரு டயோடு கடத்தாமல் இருக்கும் நேரத்தில் அதன்மேல் எதிர்த்திசையில் விழுவது உச்ச மதிப்பைப் போல இரண்டு மடங்கு. 424க்கு 848. அன்றைய 490க்கு 980. 1என்4007 தாங்குவது 1000 வோல்ட். பக்கத்தில் இடி இறங்கியிருந்தாலோ யாராவது மோட்டாரை நிறுத்தியிருந்தாலோ முடிந்திருக்கும். அதனால் பக்கத்துக்கு இரண்டாக, வரிசையில் வைக்க வேண்டும். மொத்தம் நான்கு. 350-0-350 டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ஒற்றை டயோடு என்ற பேச்சே கிடையாது. சாதாரண நாளிலேயே 990 வரும். ஒரே அட்டையில் அடுத்தடுத்து இருக்கும் டயோடுகளாக வெட்டி எடுத்தால் நல்லது, குணம் ஒத்திருக்கும்.

டயோடுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. வால்வு செத்தால் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், அல்லது நீல மின்னலோடு தகவல் சொல்லிவிட்டுச் சாகும். சிலிக்கன் செத்தால் ஷார்ட் ஆகிவிடும். ஏசி நேராகக் கண்டன்சருக்குள் பாயும், டிரான்ஸ்ஃபார்மர் சுருள் கருகும். இந்தக் காலத்தில் அப்படிப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிச் சுற்றித் தர ஆள் தேடுவதைவிடப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது எளிது. ஆகவே டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனைக்கும் சேசிஸுக்கும் நடுவில் 250 மில்லி ஆம்பியர் மெதுவகை ஃபியூஸ் ஒன்றை வைத்தேன். மெயின்ஸ் ஃபியூஸ் அங்கே ஏற்கெனவே ஒரு ஆம்பியரில் இருந்தது. ஹெச்.டி. பக்கம் ஷார்ட் ஆகும்போது அது சீக்கிரம் போகும் என்று நம்ப முடியாது.

இரண்டாம் முறை வேலையைத் தொடங்குமுன் அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டார். "சேசிஸில் எதையும் வெட்டாதே. வால்வு இருந்த இடத்திலேயே செருகுகிற மாதிரி செய். நாளைக்கு நல்ல வால்வு கிடைத்தால் திரும்பப் போடலாம்." அதனால் புதிய பீங்கான் ஆக்டல் (எட்டு முனை) சாக்கெட் ஒன்று வாங்கிப் பொருத்தினேன். செத்துப்போன 5யூ4ஜியைக் கோணிச் சாக்கில் சுற்றி, கண்ணாடி அணிந்துகொண்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி உடைத்து, பேக்லைட் அடிப்பாகத்தை மட்டும் சுத்தம் செய்து எடுத்தேன். 4, 6 முனைகளிலிருந்து இரண்டிரண்டு டயோடுகள் வரிசையாக, வெள்ளைக் கோடு போட்ட பக்கங்கள் 8ஆம் முனையில் சேரும்படி. அவ்வளவுதான் செருகி. 2ஆம் முனையை விட்டுவிட வேண்டும். 2க்கும் 8க்கும் இடையில் இருக்கும் 5 வோல்ட் சுருளுக்கு இனி வேலையில்லை, ஆனால் அது 8ஆம் முனை வழியாக முழு ஹெச்.டி.யில் நிற்கிறது. ஐந்து வோல்ட்தானே என்று விரல் வைத்தால் 350 வோல்ட் அடிக்கும். சிலர் சாக்கெட்டின் காலி முனைகளான 1, 3, 5, 7 ஆகியவற்றை வேறு கம்பிகளைக் கட்டிவைக்கும் ஆணிகளாகப் பயன்படுத்தியிருப்பார்கள். எங்கள் பெட்டியில் 3ஆம் முனையில் அப்படி ஒன்று இருந்தது. சாக்கெட் மாற்றுவோர் படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து அந்த ஐம்பது வோல்ட். அதைத் தின்ன ஒரு ரெசிஸ்டர் வேண்டும். எங்கே வைப்பது என்பதில் நான் முதலில் தப்புக்கணக்குப் போட்டேன். 105 மில்லி ஆம்பியரில் 48 வோல்ட் விழ வேண்டும். ஓம் விதிப்படி சுமார் 460 ஓம். டயோடுக்கு முன்னால், பிளேட் கம்பிகளில் 470 ஓம் வைத்தேன். ஹெச்.டி. 280க்குக் கீழே இறங்கிவிட்டது. காரணம், முதல் கண்டன்சருக்கு முன்னால் கரண்ட் சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு அரைச்சுற்றின் உச்சியிலும் சின்னத் துடிப்பாகப் பாய்ந்து நிற்கிறது. அந்தத் துடிப்பின் உயரம் சராசரியைப் போலப் பல மடங்கு. ஆகவே அங்கே சிறிய ரெசிஸ்டரே பெரிய வேலை செய்யும். 100 ஓமில் 365, 150இல் 349. இந்த எண்கள் எங்கள் பெட்டிக்குத்தான். அடுத்தவர் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் தடை வேறாக இருக்கும், சுமை வேறாக இருக்கும். செய்யவேண்டியது ஒன்றே: நல்ல வால்வு இருக்கும்போது வந்த எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, அதை எட்டும்வரை மதிப்பை மாற்றிப் பார்ப்பது.

பக்கத்துக்கு ஒன்றாக 150 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர். கணக்குப்படி ஒவ்வொன்றும் இரண்டு வாட் போலத்தான் எரிக்கும், ஆனாலும் பத்து வாட்டுக்குக் குறைவாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. சேசிஸின் அடியில், கம்பிகளைத் தொடாமல், காற்றுப்படும் இடத்தில் நிற்கின்றன. வால்வைப் போலவே இவையும் சத்தம் ஏறும்போது இன்னும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்கின்றன; வேண்டியதும் அதுதான். கேதோடில் மீண்டும் 22.6. பென்சில் எழுத்தின் கீழே அதையும் எழுதினேன்.

கண்டன்சர்களுக்கு 450 வோல்ட் பக்கமே போகவில்லை. 100 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் இரண்டை வரிசையில் வைத்தால் 50 மைக்ரோஃபாரட், 700 வோல்ட். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோ ஓம், 2 வாட். இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள அது வேண்டும். அணைத்த பிறகு மிச்சத்தை வடிப்பதும் அதுவே. ஃபெண்டர் கிட்டார் ஆம்பிளிஃபயர்களில் பல காலமாக இருக்கும் ஏற்பாடு. கரண்டைச் சீராக்கும் சுருளான சோக்குக்குப் பின்னாலும் அப்படியே. முன்கட்டத்துக்குப் போகும் சிறிய கண்டன்சரை மறந்துவிடக் கூடாது. வால்வுகள் சூடாகும்வரை அங்கேயும் அதே 490தான். வால்வுக்கு வால்வு சிக்னலைக் கடத்தும் கண்டன்சர்கள் 400 வோல்ட் ரகமாக இருந்தன, அவற்றையும் 630க்கு மாற்றினேன்.

இங்கே ஒரு பேராசை. டயோடு எவ்வளவு பெரிய கண்டன்சரையும் நிரப்புமே, முதல் கண்டன்சரை 100 மைக்ரோஃபாரட் ஆக்கினால் ஹம் இன்னும் குறையுமே என்று முயன்றேன். 5யூ4ஜிக்கு 40 மைக்ரோஃபாரட்தான் வரம்பு. அதற்குமேல் போனால் இழை தாங்காது. டயோடுக்கு அந்த வரம்பில்லை. ஆனால் ஹம் குறையவில்லை. "ம்ம்" என்று மெத்தென்றிருந்த ஒலி "ஜ்ர்ர்" என்று கூர்மையானது. கண்டன்சர் பெரிதாக ஆக, நிரப்பும் துடிப்பும் ஒடுங்கி உயர்கிறது. அந்தத் துடிப்பு சேசிஸ் வழியாக மைக் கட்டத்தின் எர்த்தில் ஏறிக்கொண்டது. 50க்கே திரும்பினேன். டிரான்ஸ்ஃபார்மர் நடுமுனைக் கம்பியைச் சேசிஸில் தொட விடாமல், ஃபியூஸ் வழியாக நேராக முதல் கண்டன்சரின் எதிர்முனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரே இடத்தில் சேசிஸைத் தொடவைத்த பிறகு மைக்கைத் திறந்துவைத்தாலும் அமைதி. பக்கத்தில் மத்திய அலை ரேடியோவை வைத்தால் கொஞ்சம் இரைந்தது. ஒவ்வொரு டயோடின் குறுக்கேயும் 0.01 மைக்ரோஃபாரட், 1 கிலோவோல்ட் பீங்கான் கண்டன்சர் வைத்ததும் அதுவும் போனது.

இழையின் 15 வாட் சுமை இறங்கியதால் மற்றச் சுருள்களில் சற்று ஏறியிருக்கும் என்று அண்ணாச்சி எச்சரித்திருந்தார். 6.3 வோல்ட் ஹீட்டரில் 6.6 இருந்தது. பத்து சதவீதத்துக்குள்தான், ஆனால் இரவு மின்சாரத்தில் அது 7-ஐத் தாண்டும். டிரான்ஸ்ஃபார்மர் முனையை 250க்கு மாற்றி, அந்த முனையிலேயே 349 வருமாறு ரெசிஸ்டரைத் திருத்துவதா, 230லேயே விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மாமாவின் மண்டபத்தில் ஒரு வாரம் நேரத்துக்கு நேரம் வோல்ட் எழுதிப் பார்த்ததில் 238க்குக் கீழே இறங்கவே இல்லை. 250 முனைக்கு மாற்றினேன். மின்னழுத்தங்கள் எல்லாம் தாழ்ந்தன. 150 ஓமுக்குப் பதில் 100 ஓம் போதுமானதாயிற்று. பிளக்கில் 242 இருக்கையில் ஹெச்.டி. 344. அதற்குமேல் எனக்கு ஆசையில்லை.

சோதிக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் தடவை சுவிட்ச் போட்டபோது நான் சீரீஸ் பல்பு வைக்கவில்லை. நூறு வாட் குண்டு பல்பை மெயின்ஸில் வரிசையாகப் போட்டால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும். எல்லாம் சரியென்றால் மின்னிவிட்டு மங்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டது, நான் கோயில் விளக்குச் சாமான் கடையில் பிடித்தேன். அணைத்த பிறகு ஸ்க்ரூடிரைவரால் கண்டன்சரை ஷார்ட் செய்து "டப்" என்று பொறி பறக்கவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. வீரமாகத்தான் இருக்கும், கண்டன்சரும் கெடும், கண்ணும் கெடும். வடிப்பு ரெசிஸ்டர்கள் இருந்தாலும் இரண்டு நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்கிறேன். அப்போதும் இடது கை சட்டைப்பையில். குழாயோ டம்மி சுமையோ கட்டாமல் வால்வு ஆம்பிளிஃபயருக்குச் சிக்னல் கொடுக்கவே கூடாது என்பதை மாமாவே எனக்குச் சின்ன வயதில் தலையில் குட்டிச் சொல்லியிருக்கிறார்.

ஓசை மாறியதா என்று கிட்டார் வாசிக்கும் என் தங்கை மகன் கேட்டான். அவன் உலகில் இது பெரிய விவாதம். வாக்ஸ் ஏசி30, மார்ஷல் ஜேடிஎம்45 இரண்டிலும் ஜிஇசட்34. ஃபெண்டர் ட்வின் ரிவெர்பில் சிலிக்கன். மீசா பூகி தன் டூயல் ரெக்டிஃபயரில் இரண்டையும் வைத்து, நடுவில் ஒரு சுவிட்சும் கொடுத்துவிட்டது. ஓங்கி மீட்டும்போது வால்வில் ஹெச்.டி. ஒரு கணம் தொய்ந்து மீளும். அந்தத் தொய்வு விரலுக்குத் தெரியும், அதுதான் இன்பம் என்கிறான். இருக்கலாம். அவனுடைய சிறிய ஆம்பிளிஃபயரில் 5ஒய்3 இருக்கிறது, அதில் டயோடு போட்டுத் தரச் சொன்னான். 6வி6 ஒற்றை வால்வு, 12 வாட்தான் தாங்கும். தொய்வு வேண்டுமென்று ஆசைப்படுகிறவன் தொய்வைத் தரும் வால்வை ஏன் எடுக்க வேண்டும்? போடவில்லை. புதிய 5ஒய்3 ஒன்று வாங்கி, அதன் பிளேட்டுகளுக்கு முன்னால் ஆளுக்கொரு டயோடு மட்டும் வரிசையாக வைத்துக் கொடுத்தேன். வால்வின் குணம் அப்படியே இருக்கும். வால்வு ஷார்ட் ஆனாலும் டயோடு நின்று டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றும். எங்கள் பெட்டியில் முதலிலேயே அந்த வழியை எடுத்திருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

வில்லுப்பாட்டுக்கும் மைக் அறிவிப்புக்கும் தொய்வு தெரியாது. உடுக்கு அடி கொஞ்சம் தெளிவாக விழுவதாக எனக்குத் தோன்றியது. கண்டன்சர்கள் எல்லாம் புதியவை என்பதால் அந்தப் பெயரை டயோடுக்குக் கொடுக்க மாட்டேன்.

போன கொடையில் இரண்டு இரவும் ஓடியது. மாமாவுக்கு எண்பதை நெருங்குகிறது, ஆனாலும் பழைய வழக்கப்படி பெட்டிக்குப் பின்னால் குனிந்து, வால்வுகள் எரிகின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஒன்று அணைந்து கிடக்கிறதே மருமகனே."

செருகியை உருவிக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி இல்லாத வெறும் அடிப்பாகம், உள்ளே நான்கு டயோடுகள். "நாளைக்கு எவனாவது திறந்து பார்த்தால், வால்வைக் காணோம் என்று ஒன்றைச் செருகிவிடுவான். எழுதிவை" என்றார். நான் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியதும் பேனாவை நிறுத்தி, தமிழில் எழுதச் சொன்னார்.

மூடியின் உள்பக்கம், பென்சில் எண்களுக்குக் கீழே இப்படி ஒட்டியிருக்கிறது: "இங்கே இருந்தது 5யூ4ஜி. இப்போது இருப்பது டயோடு. அடியில் 100 ஓம் இரண்டு உண்டு, அவற்றை எடுத்தால் 6எல்6 போய்விடும். வால்வைத் திரும்பப் போடுவதானால் முதலில் அந்த இரண்டையும் கம்பியால் இணைத்துவிடு, முதல் கண்டன்சரையும் 40 மைக்ரோஃபாரட்டுக்குள் கொண்டுவா. டிரான்ஸ்ஃபார்மர் முனை 250. பெட்டியைத் திறந்தால் இரண்டு நிமிடம் பொறு."